ஆப் வேண்டாம், ஆள் வேணும்

ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு ஹேக்கத்தான்ல எங்க டீமுக்கு ரெண்டாம் பரிசு கிடைச்சது. நாலு பேர், 36 மணி நேரம், கணக்கில்லாத டீ. நாங்க செஞ்சது ஒரு ஆப். திறந்தா புதுக்கோட்டை மாவட்ட மேப் வரும். கல்வெட்டு, நடுகல், கண்மாய்த் தூம்பு எல்லாம் சிவப்புப் புள்ளியா தெரியும். புள்ளியைத் தொட்டா ஒரு போட்டோ, கீழ ரெண்டு வரி விவரம். "இந்தத் தலைமுறை வரலாற்றுக்குச் செய்ய வேண்டியது இதுதான்"னு நடுவர் ஒருத்தர் மைக்ல சொன்னார். நாங்களும் நம்பிட்டோம்.

இன்னைக்கு அந்த ஆப் இல்லை. இலவச ஹோஸ்டிங் காலம் முடிஞ்சது, அதுக்கு முன்னாடி வந்த எச்சரிக்கை மெயிலை யாரும் பார்க்கல, டேட்டாபேஸ் அழிஞ்சு போச்சு. கோடு மட்டும் கிட்ஹப்ல கிடக்கு. தூர்ந்து போன கிணத்து மேல ராட்டினம் தொங்கற மாதிரி.

ஹேக்கத்தான் ப்ராஜெக்ட்னா அப்படித்தான் ஆகும்னு நீங்க சொல்லலாம். சிக்கல் என்னன்னா, அந்த டேட்டா எங்களோடது இல்லை. ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர் ஒருத்தரோடது. 30 வருஷமா, முதல்ல சைக்கிள்லயும் அப்புறம் டிவிஎஸ் எக்ஸெல்லயும் ஊர் ஊராப் போய் அவர் சேர்த்தது. அவரும் அவர் நண்பர்கள் ஏழெட்டுப் பேரும் சேர்ந்து ஒரு சின்ன வரலாற்றுக் குழு வெச்சிருக்காங்க. ஆபீஸ் கிடையாது. சாரோட வீட்டுத் திண்ணைதான் ஆபீஸ். எங்களுக்காக மெமரி கார்டையே கழட்டிக் கொடுத்தார். சில மாசம் கழிச்சு அந்தக் கார்டு பழுதாச்சு. "பரவால்ல, தம்பிங்ககிட்டதான் பத்திரமா இருக்கே"ன்னு சும்மா இருந்துட்டார். எங்ககிட்ட அது இல்லைங்கறதை நான் அவர்கிட்ட சொன்ன நாளை இப்போ விவரிக்க விரும்பல. அவர் திட்டல. அதுதான் கஷ்டமா இருந்தது.

மிச்சம் இருந்தது வாட்ஸப்ல அனுப்பின பிரதிகள் மட்டும். பெரிசாக்கிப் பார்த்தா எழுத்தே இல்லை, கட்டம் கட்டமா சாம்பல் நிறம். அதுல இருந்த ஒரு தூம்புக் கல் இப்போ அந்தக் கண்மாயில இல்லை. கரை வேலை நடந்தப்போ எங்க போச்சுன்னு ஊர்ல யாருக்கும் தெரியல.

அதனால இந்தக் கட்டுரை ஒரு வகையில பாவ மன்னிப்பு. ஆனா அதுக்காக மட்டும் எழுதல. நம்ம காலேஜ்ல இந்த வருஷமும் 'பாரம்பரியம்' தலைப்புல மூணு டீம் ஆப் செய்யறதா கேள்விப்பட்டேன். அவங்ககிட்டயும் உங்ககிட்டயும் சொல்ல எனக்கு ஒரு விஷயம் இருக்கு: உள்ளூர் வரலாற்றுக் குழுக்களுக்கும் நூலகங்களுக்கும் நம்மகிட்ட இருந்து ஆப் தேவையில்லை. உட்கார்ந்து சலிப்பான வேலை பார்க்க ஆள் வேணும்.

முதல்ல இந்தக் குழுக்கள் என்ன செய்யுதுன்னு பார்ப்போம். தமிழ்நாட்டுல வரலாறுன்னா தொல்லியல் துறை, பல்கலைக்கழகம், மியூசியம்னு நினைக்கறோம். ஆனா ஒரு கல் எங்க இருக்குன்னு முதல்ல தெரியறது பெரும்பாலும் ஆடு மேய்க்கறவருக்கு, அடுத்தது உள்ளூர் வாத்தியாருக்கு. கீழடியையே எடுத்துக்கோங்க. இந்தியத் தொல்லியல் துறை அங்க அகழாய்வு தொடங்கினது 2014-15ல. ஆனா 1970கள்லயே கிணறு தோண்டினப்போ கிடைச்ச பொருள்களை மாணவர்கள் பள்ளிக்குக் கொண்டு வந்திருக்காங்க, அங்க வேலை பார்த்த வரலாற்று ஆசிரியர் அதிகாரிகளுக்குத் தகவல் சொல்லியிருக்கார். நடுவுல 40 வருஷம். ராமநாதபுரம் மாவட்டம் திருப்புல்லாணி அரசு மேல்நிலைப் பள்ளியில தொன்மைப் பாதுகாப்பு மன்றம்னு ஒண்ணு இருக்கு. அங்க பள்ளிக்கூடப் பசங்க கல்வெட்டு படிக்கக் கத்துக்கறாங்க. எட்டாங்கிளாஸ் புள்ளைக்குத் தெரிஞ்ச எழுத்து, பி.இ. முடிக்கப் போற எனக்குத் தெரியாது. மதுரையில பாண்டிய நாட்டு வரலாற்று ஆய்வு மையம் இருக்கு. தமிழகத் தொல்லியல் கழகம் வருஷா வருஷம் 'ஆவணம்'னு ஒரு இதழ் கொண்டு வருது. புதுசா கண்ட கல்வெட்டை முழு வாசகத்தோட அதுல அச்சுல ஏத்திட்டா, நாளைக்குக் கல்லே உடைஞ்சாலும் வாசகம் நிக்கும்.

எங்க மாவட்டத்துக்கு வர்றேன். புதுக்கோட்டை சமஸ்தானமா இருந்தப்போவே, 1929ல, ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகளோட வாசகத்தைத் தொகுத்துப் புத்தகமாப் போட்டுட்டாங்க. இந்தியாவுல எல்லாப் பகுதிக்கும் கிடைக்காத அதிர்ஷ்டம் இது. ஆனா அந்தத் தொகுப்புல வராத கல் இன்னும் கிடைச்சுக்கிட்டே இருக்கு, முக்கியமா கண்மாய்க்குள்ள. குமிழித் தூம்பு பார்த்திருக்கீங்களா? சிவில் பசங்க கட்டாயம் பார்க்கணும். கரையில இருந்து தள்ளி, கண்மாய்க்குள்ள ரெண்டு கல்தூண் நிக்கும், நடுவுல குறுக்குக் கல். அதுக்குக் கீழ கல்தொட்டி மாதிரி ஒண்ணு. அதுல மேல இருக்கற துளை நீரோடி, அடியில இருக்கற துளைங்க சேறோடி. மேல் துளையை அடைச்சிருக்கற கல்லைத் தூக்கினா தண்ணி சுழிச்சு இறங்கும், அந்த வேகத்துல அடியில படிஞ்ச சேறும் இழுபட்டு வெளியே போகும். நிலத்தடிக் கால்வாய் வழியா ரெண்டும் வயலுக்கு. கண்மாய் தூர்ந்து போகாம, வயலுக்கு வண்டலும் கிடைக்கும். மோட்டார் இல்லை, வால்வு இல்லை. முங்கி நீந்தி அந்தக் கல்லைத் தூக்கத் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் போதும்.

இந்தத் தூண்கள்ல பலதுல எழுத்து இருக்கும். இந்தத் தூம்பை வெச்சது இன்னார், இன்ன ஊர்க்காரர், இன்ன ராஜா ஆட்சியில அப்படின்னு. ராஜா கட்டின கோயிலுக்குப் பாதுகாப்பு வேலி உண்டு, போர்டு உண்டு. தூம்புக்கு ஒண்ணும் கிடையாது. கோடையில தண்ணி வத்தினாத்தான் வெளியே தெரியும், அப்போதான் ஜேசிபியும் உள்ள இறங்கும். நம்ம ஹைட்ராலிக்ஸ் பாடத்துல இது ஒரு வரியா கூட வரல. இதைத் தேடிப் போய்ப் பதிவு பண்றது எல்லாம் சார் மாதிரி உள்ளூர் ஆட்கள்தான்.

"எல்லாம் நெட்ல இருக்கு"ன்னு நம்ம ஒரு வார்த்தை சொல்லுவோம் இல்ல? எது இல்லைன்னு யோசிச்சுப் பாருங்க. உங்க ஊர்க் கோயில் கும்பாபிஷேக மலர். நீங்க படிச்ச பள்ளியோட நூற்றாண்டு மலர். பால் கூட்டுறவுச் சங்கத்தோட வெள்ளி விழா மலர். ஊர் நாடகக் குழுவோட நோட்டீஸ். இதுக்கெல்லாம் ஐஎஸ்பிஎன் கிடையாது, கடையில விக்காது. இந்தியாவுல அச்சாகற புத்தகத்தோட பிரதி சென்னை கன்னிமாரா நூலகத்துக்குப் போகணும்னு 1954லயே சட்டம் வந்தாச்சு. ஆனா ஊர் மலர் போடறவர் யாருக்கு இது ஞாபகம் இருக்கும்? 300 பிரதி அடிப்பாங்க, விழாவுல கொடுப்பாங்க, பத்து வருஷத்துல பழைய பேப்பர் கடைக்குப் போயிடும். அந்த ஊர்ல முதல் பஸ் எப்போ வந்தது, எந்தத் தெருப் பிள்ளைகளைப் பள்ளியில சேர்க்க மறுத்தாங்க, பஞ்சத்துல யார் கஞ்சி ஊத்தினாங்கங்கறதுக்கு வேற ஆதாரமே இருக்காது.

இந்த மாதிரி சில்லறைக் காகிதத்தோட மதிப்பு புரிஞ்ச ஒரு மனுஷன் பக்கத்துலயே இருந்தார். காரைக்குடிக்குப் பக்கத்துல கோட்டையூர். ரோஜா முத்தையா, 1906ல பிறந்தவர், விளம்பரப் பலகை எழுதற ஓவியர். பேராசிரியர் இல்லை, பெரிய பணக்காரரும் இல்லை. தமிழ்ப் புத்தகம், இதழ், நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், கல்யாணப் பத்திரிகை வரை சேர்த்தார். கல்யாணப் பத்திரிகையை எதுக்குச் சேர்க்கணும்னு அந்தக் காலத்துல ஊரே சிரிச்சிருக்கும்னு நினைக்கறேன். நூறு வருஷக் கல்யாணப் பத்திரிகையை வரிசையா வெச்சுப் பாருங்க. சாதிப் பட்டம் எப்போ பெயருக்குப் பின்னால இருந்து காணாம போச்சு, பெண்ணோட படிப்பு எப்போ அச்சுல வர ஆரம்பிச்சது, வடமொழி எப்போ குறைஞ்சது, எல்லாம் அதுல இருந்து படிக்க முடியும். 1992ல அவர் இறந்த பிறகு அந்தத் தொகுப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. நல்லவேளையா கப்பல்ல ஏத்தல. 1994ல சென்னையிலேயே ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவாச்சு, இப்போ தரமணியில இருக்கு. புதுக்கோட்டையிலேயே ஞானாலயா இருக்கு. பா. கிருஷ்ணமூர்த்தி, டோரதி கிருஷ்ணமூர்த்தி தம்பதி சொந்த முயற்சியில உருவாக்கின நூலகம், முதல் பதிப்புகளுக்குப் பேர் போனது. பஸ் ஸ்டாண்டுல இறங்கி ஷேர் ஆட்டோவுல போற தூரம். நம்ம வகுப்புல எத்தனை பேர் போயிருக்கோம்?

இதுல கவனிக்க வேண்டியது, சேர்த்தவர் இறக்கற நேரம். அந்த ஒரு மாசத்துலதான் எல்லாம் முடிவாகுது. வீட்டை இடிச்சுக் கட்டணும், பரணைக் காலி பண்ணணும், பையன் பெங்களூருல இருக்கான். முத்தையாவோட தொகுப்புக்கு ஒரு வழி கிடைச்சது. எல்லாருக்கும் சிகாகோ வராது. ஏடு தேடி கரிவலம்வந்தநல்லூர் போன உ.வே.சாமிநாதையருக்கு, கோயில்ல இருந்த ஏடுகளை ஹோமத் தீயில போட்டுட்டதாப் பதில் கிடைச்சதை அவரோட 'என் சரித்திரம்' சொல்லுது. அன்னைக்கு ஹோமம், இன்னைக்கு பழைய பேப்பர் கடை. கிலோவுக்கு என்ன ரேட்டுன்னு கூட நமக்குத் தெரியும்.

சரி, டிஜிட்டல் ஆக்கிட்டா ஆச்சே, அதுக்குத்தானே நாங்க இன்ஜினியரிங் படிக்கறோம்? நானும் இப்படித்தான் நினைச்சேன். இதுக்கு ரெண்டு உதாரணம் சொல்றேன். ரெண்டுமே தமிழர்கள் செஞ்சது, ரெண்டுலயும் ஆப் கிடையாது.

1998 பொங்கலுக்கு 'மதுரைத் திட்டம்' தொடங்கியது. தொடங்கின கு. கல்யாணசுந்தரம் சுவிட்சர்லாந்துல இருந்த வேதியியல் விஞ்ஞானி. பழந்தமிழ் நூல்களை உலகம் முழுக்க இருந்த தன்னார்வலர்கள் டைப் பண்ணாங்க, இன்னொருத்தர் பிழை பார்த்தார். அப்போ தமிழ் யூனிகோட் புழக்கத்துல இல்லை. மயிலை எழுத்துருவுல தொடங்கி, டிஸ்கிக்கு மாத்தி, பிறகு யூனிகோடுக்கு மாத்தினாங்க. அதாவது, ஒவ்வொரு தடவை தொழில்நுட்பம் மாறினப்பவும் யாரோ உட்கார்ந்து கோப்புகளை எல்லாம் மாத்தியிருக்காங்க. அதனாலதான் 25 வருஷம் தாண்டியும் அது திறக்குது. எங்க ஆப் ஒரு வருஷம் தாங்கல.

இன்னொண்ணு யாழ்ப்பாணம். 1981 மே 31 இரவு யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்குத் தீ வெச்சாங்க. சுமார் 97,000 நூல்கள், கூடவே ஓலைச் சுவடிகள், உள்ளூர் இதழ்கள். அந்த நூலகத்தோட தொடக்கமே 1930கள்ல ஒரு தனி மனிதர் வீட்டுல வெச்ச சின்னச் சேகரிப்புதான், ஊர் சேர்ந்து அதை வளர்த்தது. ஒரே இடத்துல ஒரே பிரதி இருந்தா என்ன ஆகும்ங்கறதை அந்த மண்ணு மாதிரி யாரும் கத்துக்கிட்டதில்லை. 2005ல தன்னார்வலர்கள் 'நூலகம்'ங்கற பேர்லயே ஒரு இணைய நூலகம் ஆரம்பிச்சாங்க. போய்ப் பாருங்க. பெரிய நூல்கள் மட்டும் இல்லை, பள்ளி மலர், கோயில் மலர், இறந்தவர் நினைவு மலர் எல்லாம் வரிசையா பட்டியல் போட்டு இருக்கும். யாழ்ப்பாணத்துல அந்த நினைவு மலருக்குப் பேரே 'கல்வெட்டு'தான். ஒரு குடும்பத்தோட வம்சாவளி, ஊர், தொழில் எல்லாம் அதுல வந்துடும். கல்லுல வெட்டாட்டியும் கல்வெட்டு. எனக்கு ரொம்பப் பிடிச்ச வார்த்தை இது.

இந்த ரெண்டுலயும் பட்டியல் போட்ட கைகள்தான் வேலையைச் செஞ்சிருக்கு. எந்த ஊர், எந்த வருஷம், யார் எழுதினது, யார்கிட்ட இருந்து வாங்கினது. இது இல்லாம ஒரு ஹார்ட் டிஸ்க் நிறைய ஸ்கேன் இருந்தாலும் அது குப்பைதான். 'ஐஎம்ஜி' போட்டு எட்டு இலக்க எண் இருக்கற 4,000 கோப்புல புதுவயல் நடுகல்லை எப்படித் தேடுவீங்க? நாங்க சார்கிட்ட போட்டோவை வாங்கினோம். அவரோட 11 நோட்டுப் புத்தகத்தை வாங்கல, ஏன்னா அது கையெழுத்து, டைப் பண்ண நேரம் இல்லை. கல் எந்தத் திசையைப் பார்த்து நிக்குது, யார் காட்டினாங்க, ஊர்க்காரங்க அதை என்ன பேர்ல கூப்பிடறாங்கன்னு எல்லாம் அதுலதான் இருந்தது. டெமோவுக்கு அழகா இருந்ததை எடுத்துக்கிட்டு, வரலாறு இருந்ததை விட்டுட்டு வந்தோம்.

ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. எல்லா உள்ளூர் வரலாறும் ஒழுங்கான வரலாறு இல்லை. சாதிப் பெருமைக்காகக் கல்வெட்டைத் திரிக்கற குழுவும் உண்டு. நன்கொடை கொடுத்தவர் தாத்தாவை ஜமீன்தார் ஆக்கற மலரும் உண்டு. 500 வருஷக் கல்லை 'ரெண்டாயிரம் வருஷப் பழமை'ன்னு பேப்பர்ல போட வைக்கறவங்களும் இருக்காங்க. சார் குழுவுக்குள்ளேயே இதுக்காகச் சண்டை நடந்து ரெண்டு பேர் விலகிட்டாங்க. ஆனா இதுக்கு மருந்து, தெளிவான போட்டோவையும் முழு வாசகத்தையும் யார் வேணா சரிபார்க்கற மாதிரி பொதுவுல வெக்கறதுதான். ஆதாரம் ஒருத்தர் பீரோவுல இருக்கற வரைக்கும் அவர் சொல்றதுதான் வரலாறு.

அரசாங்கம் செய்யட்டும்னு சொல்றவங்களுக்கும் ஒண்ணு. தமிழ் இணையக் கல்விக்கழகத்தோட மின்னூலகம் நல்ல வேலை செய்யுது, நானே அதுல இருந்துதான் பல நூல் எடுக்கறேன். 1948லயே நமக்குப் பொது நூலகச் சட்டம் வந்தாச்சு. உங்க வீட்டுச் சொத்து வரியில ரூபாய்க்கு 10 பைசா நூலக வரியாப் போகுது. அப்போ கிளை நூலகத்துல ஒரு அலமாரி, அந்த ஊர் மலர்களுக்கும் நோட்டீஸ்களுக்கும் வேணும்னு கேட்க நமக்கு உரிமை இருக்கு. நான் எங்க ஊர் நூலகர்கிட்ட கேட்டேன். "இடம் இருக்கு தம்பி, யார் கொண்டு வந்து தர்றா?"ன்னார்.

அப்போ நம்ம என்ன செய்யலாம்? எனக்குத் தெரிஞ்ச அளவுல சொல்றேன். கல்லைப் படம் எடுக்கும்போது மாவு, சுண்ணாம்பு எதையும் தடவாதீங்க. சாயங்காலம் இருட்டினதும் போய், டார்ச்சைப் பக்கவாட்டுல தாழப் பிடிச்சா எழுத்து நிழல் விழுந்து தானா எழும்பும். முதல் தடவை பார்த்தப்போ எனக்கு உடம்பு சிலிர்த்துடுச்சு. போட்டோவை வாட்ஸப்ல சாதாரணமா அனுப்பாதீங்க, அது படத்தையும் சுருக்கிடும், எந்த இடத்துல எடுத்ததுங்கற விவரத்தையும் கழட்டிடும். டாக்குமென்டா அனுப்புங்க. பட்டியலுக்கு எக்செல் ஷீட் போதும், அதுவும் சிஎஸ்வியா ஒரு பிரதி. மூணு இடத்துல வைங்க, அதுல ஒண்ணு வேற ஊர்ல இருக்கணும். வெளியே போக முடியலையா, தமிழ் விக்கிமூலத்துல நாட்டுடைமை நூல்களோட பக்கங்கள் மெய்ப்புக்காகக் காத்துக்கிட்டு இருக்கு. ஓசிஆர் போட்டதுதான், ஆனா 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தின அச்சுல 'னை', 'லை' எல்லாம் யானைத் துதிக்கை மாதிரி வளைஞ்சு இருக்கும், மெஷின் அங்கதான் தடுமாறும். ஒரு பக்கம் திருத்த எனக்குப் பத்து நிமிஷம் ஆகுது. ரீல்ஸ் பார்க்கற நேரத்தோட ஒப்பிட வேண்டாம், கணக்கு அசிங்கமா வரும்.

இதெல்லாம் ரெஸ்யூமேல போட முடியாதுன்னு என் ரூம்மேட் சொல்றான். உண்மைதான். 'நோட்டுப் புத்தகம் டைப் பண்ணினேன்'னு போட்டா எந்த ஹெச்ஆரும் கேள்வி கேட்க மாட்டாங்க.

சார் மறுபடியும் எங்களை நம்பியிருக்கார், ஏன்னு எனக்குப் புரியல. ஆகஸ்ட்ல இருந்து ஆறு பேர் ஞாயித்துக்கிழமை அவர் திண்ணைக்குப் போறோம். 11 நோட்டுல மூணு முடிஞ்சது. 214 கல்லுக்கு வரிசை போட்டாச்சு. அதுல போட்டோ தொலைஞ்சது எதுன்னு தனிக் கட்டம் வெச்சிருக்கோம், அந்தக் கல்லுக்கெல்லாம் மறுபடி போயிட்டு வர்றோம். சாரோட கையெழுத்துல 'ழ'வும் 'ம'வும் ஒரே மாதிரி இருக்கும், அவர் பக்கத்துல இருந்தாத்தான் படிக்க முடியுது. அவருக்கு 74 வயசு.

வர்ற ஞாயிறும் போறோம். பெண்கள் ஹாஸ்டல்ல இருந்து ரெண்டு பேர் வர்றதா சொல்லியிருக்காங்க, இன்னும் நாலு பேருக்கு இடம் இருக்கு. காலேஜ் கேட்ல 6.40 டவுன் பஸ். லேப்டாப் ரெண்டு இருந்தா போதும், மத்தவங்க பேனாவும் தொப்பியும் கொண்டு வாங்க, மத்தியானம் ஒரு கண்மாய்க்குள்ள இறங்கணும். சாருக்கு சர்க்கரை இருக்கு, ஸ்வீட் வாங்கிட்டு வராதீங்க.